முப்பத்தைந்து போதும்

செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெளியே, வேப்ப மரத்தின் அரை நிழலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே பத்தாம் வகுப்புத் துணைத் தேர்வு. அன்றைக்குக் கணக்கு. ஆனி மாத வெயில் தார்ச்சாலையில் விழுந்து, திரும்ப எழுந்து முகத்தில் அடித்தது.

நின்ற இடத்திலிருந்து மாடியில் ஏழு ஜன்னல்கள் தெரிந்தன. நான்கில் மின்விசிறி சுற்றியது. இரண்டில் விசிறியே கண்ணில் படவில்லை. கடைசி ஜன்னலில் விசிறி இருந்தது, ஆனால் சுற்றவில்லை. அந்த அறை மட்டும் கிடைத்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டிக்கொண்டேன் என்று தெரியாது. பொதுவாக வேண்டிக்கொண்டேன்.

பக்கத்தில் ஒயர் கூடையோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார். கூடைக்குள் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், மடித்த துண்டு. வெகு நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார், உள்ள எழுதறது புள்ளையா பொண்ணா?"

"மனைவி."

அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாது?"

"என் மனைவிதான் எழுதுறாங்க. கணக்கு மட்டும் பாக்கி."

"மெய்யாலுமா? அவங்களுக்கு இன்னா வயசு?"

"அறுபத்தொண்ணு."

"ஐயையே! என் புள்ள உள்ள கீறான் சார். பத்தொம்போது வயசு. ரெண்டாவது தபா எழுதறான். 'எனக்கு வயசாயிடிச்சி, இனிமே படிப்பு ஏறாது'ன்னு சொல்லிகினு கீறான். வெளிய வரட்டும், அவன வெச்சிக்கறேன்."

சொல்லிவிட்டு, தான் நின்ற முழு நிழலை எனக்கு விட்டுக்கொடுத்து அரை நிழலுக்கு நகர்ந்தார். பரீட்சை எழுதும் மனைவிக்குக் கணவனாக எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

இந்த வயதில் எதற்கு?

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரில் எண்கள் அதிகம் வருகின்றன, படிக்கும்போது மளிகைக் கடைக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். இந்த வாரம் இன்னும் அதிகமாக வரும். மதிப்பெண்ணைப் பற்றிய கதையை எண் இல்லாமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி பெயர் கோமளா. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் பயிர் செய்கிற குடும்பம். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. நான் கல்பாக்கத்தில் வேலை பார்த்தவன், திண்டிவனத்துக்காரன். ஓய்வுக்குப் பிறகு புதுப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டோம்.

இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு. எந்த ஊரிலிருந்து எந்த உறவுக்காரர் வந்தாலும் மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போக வேண்டும். என் கணக்கில் இதுவரை நூற்றெண்பது தடவைக்குக் குறையாமல் போயிருக்கிறோம். நான் செருப்பைப் பார்த்துக்கொள்வேன். கோமளாதான் சுற்றிக் காட்டுவாள்.

கதை சொல்வதில் அவளுக்கு இணை கிடையாது. யானைச் சிற்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பூனைக்கு ஒரு வாழ்க்கை வரலாறே வைத்திருந்தாள். எனக்குத் தெரிந்து அந்தப் பூனைக்கு மூன்று விதமான முடிவு உண்டு. வந்திருப்பவர்களைப் பார்த்து முடிவை மாற்றுவாள்.

சில வருடங்களுக்கு முன்பு என் தங்கை மகள் வந்தாள். கல்லூரியில் வரலாறு படிக்கிற பெண். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அத்தை, இந்த ரதத்த முதல்ல செதுக்குனாங்களா, அந்தக் கோயிலையா?" என்று கேட்டாள்.

கோமளாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் அதை அன்று மாலையே மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

"நூறு வாட்டி பாத்துகீறேன். எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியல பாருங்க," என்றாள் ஒரு வாரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே. "நான் ஹிஸ்டரி படிக்கப்போறேன். பி.ஏ."

பி.ஏ. என்றால் அதற்குமுன் பன்னிரண்டாவது. அதற்குமுன் பத்தாவது. தனித்தேர்வராக விண்ணப்பித்து முதல் முறையிலேயே நான்கு பாடங்களில் தேறிவிட்டாள். சமூக அறிவியலில் எழுபத்தெட்டு. கணக்கில் மட்டும் இருபத்திரண்டு. அடுத்த முறை இருபத்தொன்பது. தேற முப்பத்தைந்து வேண்டும்.

"இன்னும் ஒரு வாட்டி எழுதுவேன்," என்றாள். "அதுலயும் போச்சுன்னா புக்க எல்லாம் கட்டி லாஃப்ட்ல போட்ருவேன். அப்புறம் நீங்களே பூனைக் கதைய சொல்லிக்கோங்க."

சொன்னால் செய்கிறவள். நான் பயந்துபோனேன்.

என் வரைபடம்

என் வேலை அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது. ஆலையில் குழாய்க்குக் குழாய் ஒரு மானி இருக்கும். அதைக் கழற்றி வந்து, தரமான ஒரு மானியோடு பொருத்தி, இரண்டு முள்ளும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். முப்பத்துநான்கு வருடம் அதைத்தான் செய்தேன். வீட்டில் சுவர்க் கடிகாரம் அரை நிமிடம் தவறினாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

எனவே கோமளாவின் கணக்குப் பாடத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன்.

வரைபடத்தாள் ஒன்று வாங்கி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். கிடைக்கோட்டில் வாரங்கள், நெடுக்கோட்டில் மதிப்பெண். இருபத்தொன்பதில் ஒரு புள்ளி. அங்கிருந்து சாய்வாக மேலே ஏறும் ஒரு சிவப்புக் கோடு. அது முடியும் இடத்தில் அறுபது என்று எழுதி வட்டமிட்டேன்.

"இன்னாத்துக்கு அறுவது?" என்றாள்.

"அறுபதுக்குக் குறி வெச்சா அம்பது வரும். முப்பத்தஞ்சுக்குக் குறி வெச்சா முப்பதுதான் வரும்."

"மாங்கா அடிக்கிறா மாதிரி சொல்றீங்க."

ஞாயிறுதோறும் தேர்வு வைத்தேன். இயற்கணிதத்தை அடிப்படையிலிருந்து ஆரம்பித்தோம். அவள் கணக்குப் போடும்போது நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். தலைகீழாக எழுத்தைப் படிப்பது எனக்குப் பழக்கம்.

"அங்க மைனஸ் வரணும்."

"தெரியும். போட வந்தேன்."

"அத அந்தப் பக்கம் கொண்டுபோனா குறி மாறணும்."

"மாத்தறேங்க. கொஞ்சம் இருங்க."

"அந்த ரெண்ட விட்டுட்ட."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். குக்கர் விசில் வந்ததாகச் சொல்வாள். விசில் வந்திருக்காது. எனக்குத் தெரியும், விசிலை எண்ணுகிறவன் நான்தான்.

முதல் வாரம் முப்பத்தொன்று. இரண்டாம் வாரம் இருபத்தெட்டு. மூன்றாம் வாரம் இருபத்தாறு. நான்காம் வாரம் இருபத்துமூன்று. சிவப்புக் கோடு மேலே போய்க்கொண்டிருக்க, நான் நீல மையில் வைத்த புள்ளிகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்தாக வேண்டும். கோமளா பாலை வெளியே வைக்க ஆரம்பித்தாள். இரண்டு நாள் திரிந்துபோனது.

பெங்களூரிலிருந்து மகன் தொலைபேசியில் சொன்னான்: "அப்பா, அம்மாவ விடுங்களேன்." விடுவதற்கு நான் என்ன பிடித்துக்கொண்டா இருக்கிறேன் என்று கேட்டேன். அவன் அங்கே மழையா வெயிலா என்று பேச்சை மாற்றினான்.

ரெஜினா டீச்சர்

ஐந்தாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் கேள்வித்தாளோடு வந்து உட்கார்ந்தபோது, சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு தெரு தள்ளி டியூஷன் நடத்தும் ரெஜினா டீச்சர். நாற்பது வயதிருக்கும். பேசும்போது சாக்பீஸ் பிடித்திருப்பது போலவே விரல்களை வைத்திருப்பார்.

கோமளா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அழைத்து வந்திருந்தாள்.

டீச்சர் எழுந்து போய் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்றார். படத்தை முழுதாகப் பார்த்தார்.

"சார், இந்த அறுபது யாரோடது?"

"இலக்கு டீச்சர்."

"அது தெரியுது. யாரோடதுன்னு கேட்டேன். அக்காவோடதா, உங்களோடதா?"

நான் கோமளாவைப் பார்த்தேன். அவள் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்கு எவ்ளோ வேணும்?"

"முப்பத்தஞ்சு போதும் டீச்சர்."

"அவ்ளோதான். முப்பத்தஞ்ச உடைப்போம்." டீச்சர் ஒரு பழைய கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். "ஒரு மார்க்கு பதினாலு. அதுல பத்து எடு. வடிவியல் ஒண்ணு, வரைபடம் ஒண்ணு, சேத்து பதினாறு. அதுல பதினாலு எடு. ரெண்டு மார்க்கு ஆறு போடு, பன்னெண்டு. எவ்ளோ ஆச்சு?"

கோமளா விரல் விடாமல் சொன்னாள். "முப்பத்தாறு."

"ஒரு மார்க்கு அரசாங்கத்துக்கே திருப்பிக் குடுத்துடலாம்."

கோமளா சிரித்தாள். அந்த மேசையில் ஐந்து வாரமாக யாரும் சிரித்ததில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "இது குறுக்கு வழி டீச்சர். வட்டத்துக்குத் தொடுகோடு வரையத் தெரிஞ்சா கணக்கு தெரிஞ்சதாகிடுமா? அஞ்சு மார்க்கு கேள்வியத் தொடவே வேணாமா?"

"சார், நீங்க எழுதுங்களேன் ஒரு பேப்பர்."

"நானா?"

"அக்கா எழுதற அதே பேப்பர். மூணு மணி நேரம். நான் திருத்தறேன்."

நான் டிப்ளமா படித்தவன். அடுத்த ஞாயிறு மேசையின் ஒரு பக்கம் கோமளா, மறுபக்கம் நான். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். காலை ஆட்டக் கூடாது என்று டீச்சர் சொன்னார்.

எனக்கு ஐம்பத்தெட்டு.

கோமளாவுக்கு முப்பத்திரண்டு. அவள் தன் தாளைப் பார்க்கவே இல்லை. என் தாளைத்தான் வாங்கிப் பார்த்தாள்.

"விடை எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றேன்.

"விடைக்கு ஒரு மார்க்குதான் சார். வழி எங்க? மனசுலயே போட்டுட்டீங்க. மனசுக்கு மார்க்கு போட எனக்கு அதிகாரம் இல்ல." டீச்சர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "வரைபடத்துல அளவுத்திட்டம் எழுதல."

அளவுத்திட்டம் என்றால், ஒரு செ.மீ. எத்தனை அலகுக்குச் சமம் என்று வரைபடத்தின் மூலையில் எழுதும் இரண்டு வரி. அது இல்லாத படம் வெறும் கோடு. முப்பத்துநான்கு வருடம் ஆலையில் மற்றவர்கள் போட்ட வரைபடங்களில் இதைத்தான் நான் சிவப்பு மையில் வட்டமிட்டேன்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அறுபதைத் தொட எனக்கே இரண்டு குறைந்தது. அன்று சாயங்காலம் அந்தப் படத்தைக் கோமளா கிழிக்கவில்லை. நானே கிழித்தேன்.

ஒரு நாளைக்கு மூன்று

டீச்சர் போன பிறகு கோமளா ஒரு நிபந்தனை போட்டாள்.

"எனக்கு முப்பத்தஞ்சு. உங்களுக்கு மூணு."

"மூணு என்ன?"

"கேள்வி. ஒரு நாளைக்கு மூணு கேள்விதான் என்னைக் கேக்கலாம்."

"படிப்பப் பத்தியா?"

"எதப் பத்தினாலும். இப்ப கேட்டதுல ரெண்டு போச்சு."

எப்பேர்ப்பட்ட துன்பம் அது என்று வாசகர்கள் ஒரு நாள் செய்து பார்த்தால் தெரியும். காலையில் எழுந்ததும் "பால் வந்துச்சா?" என்று கேட்டுவிடுவேன். ஒன்று போயிற்று. "என் கண்ணாடி எங்க?" இரண்டு. அது என் நெற்றியில் இருக்கும். பத்து மணிக்குள் மூன்றாவதும் தீர்ந்துவிடும். மிச்ச நாள் முழுக்க வாக்கியங்களை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்.

"சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒருவருக்கு ஆசை," என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன்.

"ஒருவர் சாப்ட்டுப் பாக்கட்டும்," என்று பதில் வரும்.

மாலை நான்கிலிருந்து ஆறு அவள் படிக்கும் நேரம். அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்கக் கூடாது என்பது அடுத்த நிபந்தனை. கடற்கரைக்குப் போவேன். படகுகளை மேலே இழுத்துவிட்டிருப்பார்கள். ஈர வலையும் டீசலும் கலந்த வாசனை. அங்கே வலை பிரித்துக்கொண்டிருக்கும் தேசிங்கு எனக்கு இருபது வருடப் பழக்கம்.

"இன்னா சார், தெனிக்கும் வந்துகினு கீற? வூட்ல தொரத்திட்டாங்களா?"

"வூட்ல படிச்சிகிட்டு இருக்காங்க."

"யாரு, பேரப்புள்ளைங்களா?"

"என் வீட்டம்மா. பத்தாவது."

தேசிங்கு வலையிலிருந்து ஒரு நண்டை விடுவிப்பதில் முனைந்திருந்தார். நண்டு வெளியே வந்த பிறகுதான் நிமிர்ந்தார். "அதுக்கு நீ இன்னாத்துக்கு சார் இங்க வந்து குந்திகினு கீற?"

"நான் இருந்தா மார்க்கு குறையுது."

"அது சரி," என்றார் அவர். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பும்போது மேசையில் பென்சில் சீவிய சுருள்கள் கிடக்கும். பிளாஸ்டிக் விரிப்பு முழுவதும் கவராயத்தின் ஊசி குத்திய ஓட்டைகள். அவள் வட்டம் வரைந்து வரைந்து பழகியிருந்தாள். ஆரம்பத்தில் தொடுகோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு உள்ளே போகும், அல்லது தொடாமல் நிற்கும். ஒரு நாள், சரியாக ஒரே புள்ளியில் தொட்டுவிட்டு நகர்ந்த ஒரு கோட்டை என் தேநீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிசகே இல்லை.

எங்கள் வேலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது ஒன்றுதான். அழுத்தம் கொடுத்தவுடன் முள் ஆடும். ஆடும்போது அளவைக் குறிக்காதே, நிற்கட்டும். எத்தனையோ பேருக்கு இதை நான் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் அது என் நினைவுக்கு வந்ததே இல்லை.

டீச்சர் வைத்த தேர்வுகளின் மதிப்பெண்ணை என்னிடம் சொல்ல மாட்டார்கள். கேட்டால் ஒரு கேள்வி செலவாகும் என்பதால் நானும் கேட்கவில்லை. டீச்சர் விடைபெறும்போது செருப்பை மாட்டும் வேகத்தை வைத்து மனத்துக்குள் ஒரு மதிப்பீடு செய்துகொண்டேன். அது பெரும்பாலும் தவறாகவே இருந்ததாகப் பிறகு தெரிந்தது.

ஒன்றேகால் மணி

செங்கல்பட்டுப் பள்ளியில் மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். கூடை அம்மாளின் மகன் வந்தான். அவர் அவனைத் திட்டுவார் என்று பார்த்தேன். துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். "அந்த ஆயா எழுதிச்சாடா?" என்றுதான் கேட்டார்.

"எனக்கு ரெண்டு பெஞ்சு முன்னாடி, எழுதிகினே இருந்திச்சிம்மா. மூணு வாட்டி அடிஷனல் ஷீட் வாங்கிச்சி. எங்களுக்கு மானமே பூடுச்சி."

மூன்று கூடுதல் தாளா? திட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லையே. ஒருவேளை வடிவியலைத் தவறாகப் போட்டு மறுபடி வரைந்தாளோ. கவராயத்தின் திருகு தளர்ந்துவிட்டதோ. காலையில் நான் அதை இறுக்கியது அதிகமாகிவிட்டதோ.

கோமளா கடைசியாக வந்தாள். முதுகில் புடவை நனைந்து ஒட்டியிருந்தது. சுற்றாத விசிறி உள்ள அறைதான். கையில் கேள்வித்தாளை நான்காக மடித்து வைத்திருந்தாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைய மூன்றும் விடியற்காலையிலேயே முடிந்திருந்தன.

பேருந்து நிலையம் வரை நடந்தோம். அங்கே அவளே நின்று, "இன்னிக்கு எத்தினி வேணாலும் கேட்டுக்கோங்க," என்றாள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது. "பசிக்குதா?"

"பயங்கரமா."

ஓட்டலில் பூரியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். முப்பத்தாறுக்கு உள்ளதை எல்லாம் எழுதி முடித்து, இரண்டு முறை சரிபார்த்தும் நாற்பது நிமிடம் மிச்சம் இருந்ததாம். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஐந்து மதிப்பெண் பக்கத்தைப் படித்துப் பார்த்தாளாம். அதில் ஒரு கலங்கரை விளக்கக் கணக்கு.

"லைட் ஹவுஸ் மேலேர்ந்து பாத்தா ரெண்டு படகு தெரியுது. ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு கேக்கறான். நம்ம ஊரு லைட் ஹவுஸ் மாதிரியே கீதேன்னு போட ஆரம்பிச்சேன். போட்டுப் போட்டு அடிச்சதுல மூணு ஷீட்டு தீந்துச்சி, விடை வந்துடிச்சி."

"சரியான விடையா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் சிரித்துக்கொண்டே. உருளைக்கிழங்கு மசாலாவை இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

படகு

சில வாரங்களுக்குப் பிறகு முடிவு வந்தது. கைபேசியைக் கோமளாவே வைத்திருந்தாள். பதிவு எண்ணை நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். திரை சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. பிறகு வந்தது.

நாற்பத்தொன்று.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு நின்றேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். கோமளா கைபேசியை மார்போடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

ரெஜினா டீச்சர் வந்தார். "என்னக்கா, அரசாங்கத்துக்கு ஆறு மார்க்கு தானமா!" என்று வாசலிலிருந்தே கத்தினார். தெருவில் நான்கு வீட்டுக்காவது கேட்டிருக்கும். கோமளா கேசரி கிளறினாள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களை அடுத்த வாரமே வாங்கிவிடுவது என்று டீச்சரும் அவளும் முடிவு செய்தார்கள். வரலாறு உள்ள பிரிவு. அதில் கணக்கு கிடையாது. இனி வாழ்நாளில் அவளுக்குக் கணக்குப் பரீட்சை இல்லை.

மாலையில் நான் கடற்கரைக்குக் கிளம்பினேன். பழக்கம்தான், இனிப் போக வேண்டிய அவசியம் இல்லை. செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தால், அவள் சாப்பாட்டு மேசையில் அந்தக் கேள்வித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சுபோச்சே," என்றேன்.

"அந்த லைட் ஹவுஸ் கணக்கு சரியா தப்பான்னு தெரியணும். மொத்தம்தான் போட்டுகீறாங்க. அதுக்கு எவ்ளோன்னு போடல."

"நான் பாக்குறேன், ஒரு நிமிஷம்..."

"நீங்க பாக்காதீங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கொஞ்சம் தள்ளி நின்றேன். அவள் நடுவில் ஒரு நெட்டுக்கோடு வரைந்தாள். அது கலங்கரை விளக்கம். இடது பக்கம் ஒரு படகு. வலது பக்கம் ஒரு படகு.

எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. கேள்வியில் ஒரே பக்கம் என்று அச்சிட்டிருக்கிறது. ஒரே பக்கம் என்றால் ஒரு தூரத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்க வேண்டும். இரண்டு பக்கம் என்றால் கூட்ட வேண்டும். அவள் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன். தெருவில் போன ஆட்டோவைப் பார்த்தேன்.

அவள் விடையை எழுதி அடிக்கோடிட்டாள். "இதேதான் அன்னிக்கும் எழுதினேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் முனை வலது பக்கப் படகின் மேல் வந்து நின்றது. வெகு நேரம் அங்கேயே நின்றது.

"ஏங்க."

"ம்."

"மாமல்லபுரம் லைட் ஹவுஸ்க்கு அந்தாண்ட பக்கம் கடல். இந்தாண்ட பக்கம்?"

"ஊரு. பஸ் ஸ்டாண்ட்."

"அப்ப இந்தப் படகு பஸ் ஸ்டாண்ட்லயா நிக்குது?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மேசை ஆடும் அளவுக்குச் சிரித்தாள். கேள்வியை மறுபடி படித்து, "தோ கீது, ஒரே பக்கம்னுதான் போட்டுகீறான்," என்று விரலால் குத்திக் காட்டினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அந்தப் படகை அழித்துவிட்டு, இன்னொன்றின் பக்கத்திலேயே கடலில் இறக்கினாள். மறுபடி போட்டாள். மெதுவாக, ஒவ்வொரு வரியாக, வழியை எழுதி எழுதிப் போட்டாள். கடைசியில் கழித்தாள்.

"அஞ்சுல ரெண்டு குடுத்திருப்பான்," என்றாள். காலையில் நாற்பத்தொன்றைப் பார்த்தபோது இல்லாத ஒரு நிறைவு இப்போது அவள் முகத்தில் இருந்தது. "போவட்டும். எங்க தப்புன்னு தெரிஞ்சிடிச்சி."

நான் கடற்கரைக்குப் போகலாம் என்று திரும்பினேன். அவள் கேள்வித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. அன்றைக்குத் தொடாமல் விட்ட கேள்விகள் அந்தப் பக்கத்தில் இருந்தன. பென்சிலால் ஒன்றைத் தட்டினாள்.

"இது இன்னான்னு பாருங்களேன்."

குனிந்து பார்த்தேன். பார்த்தவுடன் எனக்கும் பிடிபடவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.